ஒரு கிலோ பொம்மை என்ன பண்ணிடும்னு கேக்குறவங்களுக்கு

"சின்ன ட்ரோன்தான். சும்மா ரெண்டு நிமிஷம். மேல யாரு வரப்போறா?" இதையே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.

நானும் பொழுதுபோக்குக்கு ட்ரோன் பறக்கவிடுற ஆள்தான். அதனாலதான் வயித்தெரிச்சலே. ட்ரோனையே தடை பண்ணுங்கன்னு வெளியாள் கத்தினா அவங்களோட மல்லுக்கட்டலாம். நம்ம கூட்டத்துக்குள்ளயே இருந்துக்கிட்டு, "விதியெல்லாம் புதுசா கத்துக்கிறவனுக்கு, எனக்குக் கை பழகிடுச்சு"ன்னு மார்தட்டுற ஆளுங்களை என்ன பண்றது?

போன வாரம் மைதானத்துல ஒருத்தர். பசங்க விளையாடிட்டிருக்காங்க, அவங்க தலைக்கு நேர் மேல ஐயா வட்டம் போடுறார். "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போய் ஏத்துங்களேன்"னேன். "தம்பி, இதுல சென்சார் இருக்கு, எதுலயும் இடிக்காது"ன்னு பதில். சென்சார் இருந்தா? எதிர்ல சுவரு வந்தா நிக்கும், சரி. மெல்லிசு கம்பி, இலையில்லாத கிளையெல்லாம் அதுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது. வெளிச்சம் குறைஞ்சா அதுவும் கபோதி. எல்லாத்தையும் விடுங்க, நாலு மோட்டார்ல ஒண்ணு நின்னாலோ, விரிசல் விட்ட ரெக்கை ஒண்ணு பிச்சுக்கிட்டாலோ சென்சார் என்ன கையில தாங்கிப் பிடிக்கவா போகுது? கல்லு மாதிரி கீழதான் வரும். கீழ இருக்கிறது பசங்க.

அனுபவம் இருக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை. 2015ல இங்கிலாந்துல ஸ்டோர்போர்ட்ங்கிற ஊர். ஓட்டினவர் பழகின கைதான். வீட்டு முன்னாடி, ஒரு நிமிஷம் போல. ட்ரோன் ஒரு மரத்துல உரசித் திரும்புச்சு. பக்கத்துல இருந்த ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ஒரு கண்ணு போச்சு. இவ்வளவுதான் விஷயம். மனுஷங்களை விட்டுத் தள்ளி ஓட்டுன்னு விதி சொல்றது உங்க திறமை மேல சந்தேகப்பட்டு இல்லய்யா, மரத்துக்கு உங்க திறமை பத்தித் தெரியாதுங்கிறதுனால.

அடுத்தது, கண்ணு எட்டுற தூரத்துக்குள்ள ஓட்டணும்ங்கிற விதி. அதிகமா மீறுறது இதைத்தான். "திரையில எல்லாம் தெரியுதே"ம்பாங்க. கேமரா பாக்குற பக்கம் மட்டும்தான் தெரியுது. பின்னாடி, பக்கவாட்டுல, மேல வர்றது? 2017 செப்டம்பர்ல நியூயார்க்கில ஸ்டேட்டன் தீவு பக்கம் ஒருத்தர் ஃபாண்டம் 4ங்கிற ட்ரோன் ஒண்ணை நாலு கிலோமீட்டர் தள்ளி அனுப்பிட்டு திரையைப் பாத்துக்கிட்டிருந்தார். அது ராணுவத்தோட பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்ல மோதி, சுழலி இறக்கையில அடி விழுந்துச்சு. நல்ல காலம், பத்திரமா இறங்கிட்டாங்க. ஓட்டினவர் என்ன நினைச்சார் தெரியுமா? ட்ரோன் ஏதோ கோளாறாகித் தண்ணில விழுந்துடுச்சுன்னு! ஹெலிகாப்டர்ல சிக்கியிருந்த மோட்டார்த் துண்டை வெச்சு விசாரணை ஆளுங்க வந்து சொல்ற வரைக்கும் மோதினதே அவருக்குத் தெரியாது. அந்த நேரம் அங்க பறக்கத் தடை இருந்ததும் தெரியாது. இதைவிடக் கேவலம் உண்டா?

ஹெலிகாப்டர் ஓட்டுறவங்க பாத்து ஒதுங்க மாட்டாங்களான்னு ஒரு கேள்வி வரும். 200 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 55 மீட்டர். ரெண்டு சாண் அகலத்துல சாம்பல் கலர்ல ஒரு பொருளு, வானத்துல அசையாம நிக்குது. எங்கேருந்து பாக்குறது? அவங்களால முடியாதுங்கிறதாலதான் பல நாடுகள்ல நமக்கு 120 மீட்டர் உயரத்துக்கு மேல போகாதேன்னு கோடு போட்டிருக்கு. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் இறங்குறப்போ அந்தக் கோட்டுக்குக் கீழயும் வரும், அப்போ ஒதுங்க வேண்டியது நாமதான்.

"பறவை மோதலையா?" மோதுது. ஆனா பறவை சதை, எலும்பு. நம்ம ட்ரோன்ல இருக்கிறது மோட்டார், பேட்டரின்னு கெட்டியான உருப்படி. 2018ல அமெரிக்காவுல டேட்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துல ஒரு கிலோ அளவுள்ள ட்ரோனை ஒரு சின்ன விமானத்தோட இறக்கை மேல எய்து பாத்தாங்க. முன்விளிம்பைத் துளைச்சு, இறக்கையைத் தாங்குற முக்கியச் சட்டம் வரைக்கும் போய்க் காயப்படுத்துச்சு. அந்த வேகத்துல நிஜத்துல மோத வாய்ப்பே இல்லைன்னு ட்ரோன் தயாரிக்கிற டிஜேஐ கம்பெனி சண்டைக்கு வந்தது தனிக் கதை. சண்டை வேகத்தைப் பத்தித்தான், ஓட்டையைப் பத்தி இல்லை.

இதெல்லாம் பழசுன்னு தள்ளிட முடியாது. 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஊரே எரியுது. கனடாவிலிருந்து வந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானம் கடல்ல தண்ணியை மொண்டு மொண்டு கொட்டிக்கிட்டிருக்கு. ஒருத்தர் வாகன நிறுத்தக் கட்டடத்து மேல நின்னு, சேதத்தைப் பாக்குறேன்னு ட்ரோனை ரெண்டரை கிலோமீட்டர் அனுப்புறார். கண்ணுக்கு மறைஞ்சது, விமானத்தோட இறக்கையில ஓட்டை போட்டுது. சரிபண்ணி முடிக்கிற வரைக்கும் விமானம் தரையில. தீ எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. அவர் கெட்ட எண்ணத்தோட பண்ணலையாம். பண்ணியிருக்க மாட்டார்தான். நம்மாளு ஒருத்தன்கூட கெட்ட எண்ணத்தோட ஏத்துறதில்லையே!

விதி எல்லாமே உத்தமம்னு நான் சொல்ல வரலை. சில தடைக் கோடுகளை யோசிக்காமப் போட்டிருக்காங்க, சில அனுமதிப் பக்கம் திறக்கவே திறக்காது. திட்டலாம், மனு போடலாம். ஆனா ஆளாளுக்குத் தனக்குப் பிடிச்ச விதியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டா மேல வர்ற பைலட் எதை நம்பி ஓட்டுவார்? 250 கிராமுக்குக் கீழ வாங்கிட்டா எந்தச் சட்டமும் கிடையாதுன்னு ஒரு புரளி வேற. பல நாடுகள்ல பதிவுதான்யா தளர்வு, உயரமும் தூரமும் அப்படியேதான் இருக்கு.

ஒவ்வொரு கூத்துக்கும் அப்புறம் புதுசா பதிவு, தேர்வு, அடையாள எண்ணை ஒலிபரப்புற கருவின்னு வந்து விடியறது யார் தலையில? ஒழுங்கா காலி நிலம் தேடிப் போய், காத்து பாத்து, ரிட்டர்ன் டு ஹோம் உயரம் (ட்ரோன் தானா கிளம்பின இடத்துக்குத் திரும்பி வர்ற உயரம்) சரிபாத்து ஏத்துறவன் தலையில. மீறுறவன் அப்பவும் மீறுவான்.

இதுல நம்ம பங்கும் இருக்கு. மேகத்துக்கு மேல போன வீடியோவைப் போட்டா முன்னூறு பேர் வந்து "வேற லெவல் தலைவா"ங்கிறாங்க. என்ன ட்ரோன், என்ன செட்டிங்ஸ்னு விசாரிக்கிறாங்க. எத்தனை மீட்டர்ல பறந்தீங்க, அனுமதி இருந்துச்சா, வானத்தைப் பாக்கப் பக்கத்துல யாராவது நின்னாங்களான்னு ஒருத்தர் கேளுங்களேன். கேட்டா நம்மளைத்தான் பொறாமை பிடிச்சவன்னுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும், கேளுங்க.