ஜெயிக்காத பிள்ளைகளின் படங்கள்

பிரிட்டிஷ் சினிமா என்றால் பலருக்கு ஜேம்ஸ் பாண்டும் ஹாரி பாட்டரும் அரண்மனைக் கதைகளும்தான் நினைவுக்கு வரும். எனக்கு பில்லி காஸ்பர். கென் லோச் 1969-இல் எடுத்த ‘கெஸ்’ படத்தின் பையன். பிள்ளைகள் வளரும் பருவத்தை பிரிட்டிஷ்காரர்கள் அளவுக்கு நேர்மையாக யாரும் படமெடுத்ததில்லை என்பது என் கட்சி. அதற்கு முதல் சாட்சி இவன்தான்.

வட இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்க ஊர். அப்போதெல்லாம் அங்கே 11 வயதில் ஒரு தேர்வு. தேறினால் மேற்படிப்புக்குத் தயார்செய்யும் கிராமர் ஸ்கூல், இல்லாவிட்டால் செகண்டரி மாடர்ன் என்ற சாதாரணப் பள்ளி. இரண்டாவதில் விழுந்தவனுக்குப் பெரும்பாலும் 15 வயதில் படிப்பு முடிந்துவிடும், அப்புறம் சுரங்கம். பில்லியின் அண்ணன் ஏற்கெனவே சுரங்கத்தில் இருக்கிறான். வேலைவாய்ப்பு அதிகாரி முன்னால் உட்காரும்போது பில்லிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சுரங்கத்துக்குப் போகமாட்டேன். வேறு என்ன வேண்டும் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

அவனிடம் ஒரு வல்லூறு இருக்கிறது. கூட்டிலிருந்து எடுத்து வந்து, புத்தகக் கடையில் திருடிய புத்தகத்தைப் படித்துப் பழக்குகிறான். ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் ஃபார்திங் அவனை எழுப்பிப் பேசச் சொல்கிறார். முதலில் முனகல். பறவையின் காலில் கட்டும் தோல்வாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் ஆளே மாறிவிடுகிறான். அந்த வாரை எப்படிப் பிடிப்பது, இறைச்சியைக் காட்டிக் கைக்கு எப்படி வரவழைப்பது, முதல்முறை கயிறில்லாமல் பறக்கவிட்டபோது நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே போகிறான். எப்போதும் சத்தம் போடும் வகுப்பு வாயடைத்துக் கேட்கிறது. பின்னணி இசையால் நம்மை உருகவைக்கும் வேலை கிடையாது. ஒரு பையனுக்கு ஒரு தொழில் சுத்தமாகத் தெரியும் என்பதைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நான் பார்த்ததிலேயே சிறந்த வகுப்பறைக் காட்சி அது.

இதையெல்லாம் ‘சோகப் படம்’ என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதே ‘கெஸ்’ படத்தில் வரும் கால்பந்து ஆட்டத்தைப் பாருங்கள். விளையாட்டு ஆசிரியர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தன்னை அன்றைய கால்பந்து நட்சத்திரம் பாபி சார்ல்டனாகவே நினைத்துக்கொண்டு, தானே ஆட்டக்காரர், தானே நடுவர். பெனால்டியைத் தவறவிட்டால் தானே விசிலடித்து மறுபடி உதைப்பார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் கோலைத் தடுக்காமல் விட்ட பில்லியைக் குளிர்ந்த ஷவருக்கடியில் நிற்கவைப்பார். சிரித்த வாய் அப்படியே நின்றுவிடும்.

பள்ளிப் பையன்களாக வருபவர்களில் பலர் அந்த ஊர்ப் பிள்ளைகளே. பில்லியாக நடித்த டேவிட் பிராட்லியும் பார்ன்ஸ்லி பள்ளி மாணவன்தான். மூலக்கதை எழுதிய பாரி ஹைன்ஸின் தம்பி ரிச்சர்ட் நிஜத்தில் வல்லூறு வளர்த்தவர், அந்த 11 வயதுத் தேர்வில் தோற்று செகண்டரி மாடர்னுக்குப் போனவர். படத்தில் வரும் பறவைகளைப் பழக்கியதும் அவரே. பறவையோடு இருக்கும் காட்சிகளில் ஒரு பொய்கூடத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

‘பில்லி எலியட்’ (2000) எனக்கும் பிடிக்கும். பாலே நடனம் கற்க ஆசைப்படும் சுரங்கத் தொழிலாளி மகனாக வரும் ஜேமி பெல் தெருவில் ஆவேசமாக ஆடும் இடத்தில் யாருக்குத்தான் சிலிர்க்காது? ஆனால் நான் போற்றுவது வேறொரு இடம். 1984-85 சுரங்க வேலைநிறுத்தம் தோற்றுவிட்டது. பையன் பாலே பள்ளிக்குக் கிளம்புகிறான். அப்பாவும் அண்ணனும் லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். ஒருவன் தப்பித்தான், ஊர் தப்பிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்ன படம்.

ஆண்ட்ரியா அர்னால்டின் ‘ஃபிஷ் டேங்க்’ (2009) அந்தத் தப்பித்தலையும் தருவதில்லை. எசெக்ஸ் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் 15 வயது மியா, காலி ஃபிளாட் ஒன்றில் தனியாக நடனம் பழகுகிறாள். நாயகியாக நடித்த கேட்டி ஜார்விஸ் அதற்குமுன் நடித்ததே இல்லை. டில்பரி ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர். படம் முழுக்க அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள். மியா வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மன்னிப்பு, அணைப்பு எதுவும் கிடையாது. அம்மா ஒரு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறாள். மியா எதிரே போய் நின்று அதே அசைவுகளை ஆடுகிறாள். தங்கையும் சேர்ந்துகொள்கிறாள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாசமொழி அதுதான். அந்தக் காட்சிக்காக இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

லோச்சின் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ (2002) விஷயத்தில் எனக்கு இன்றும் ஆதங்கம். ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊரில், ஜெயிலிலிருந்து வரப்போகும் அம்மாவுக்கு ஒரு கேரவன் வீடு வாங்கித்தர அலையும் பதினைந்து வயதுப் பையனின் கதை. கெட்ட வார்த்தை அதிகம் என்று பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 18 வயதுச் சான்றிதழ் கொடுத்தது. அந்த வயதுப் பிள்ளைகள் தெருவில் பேசும் பேச்சைத்தான் படத்தில் பேசுகிறார்கள். அந்தச் சான்றிதழ்படி அதைத் தியேட்டரில் கேட்க அவர்களுக்கே அனுமதி இல்லை!

பார்க்க நினைப்பவர்கள் ‘கெஸ்’ படத்தில் ஆரம்பியுங்கள். சப்டைட்டில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், பார்ன்ஸ்லி பேச்சு லேசில் பிடிபடாது. அடுத்து ‘ஃபிஷ் டேங்க்’. அதற்கப்புறம் சாரா காவ்ரனின் ‘ராக்ஸ்’ (2019): கிழக்கு லண்டன் பள்ளிப் பெண்கள், நடிப்பில் புதுமுகங்கள், அவர்களோடு பட்டறைகள் நடத்தி உருவாக்கிய கதை. பார்த்தவர்கள் கமெண்டில் வாருங்கள், நாயகியின் தம்பி இம்மானுவேலைப் பற்றி எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.