மூன்று இலட்சம் வாங்கினார்களாம்!

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "நடுச்சாமத்தில் மேடையை விட்டு ஓடிய இசைக்குழு" என்று அந்தக் கோவில் நிகழ்ச்சிக் காணொளிக்குத் தலைப்பு வைத்த புண்ணியவான் இன்று காலையில் அதை மறுபடியும் பகிர்ந்திருக்கிறார். ஐயா, அவர்கள் ஓடவில்லை, இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு முன் கையில் தருவதாகச் சொன்ன மிச்சக் காசு வரவில்லை, இறங்கினார்கள். கோவில் நிர்வாகத்தோடு பேசிய அந்த அரை மணித்தியாலம் மட்டும் காணொளியில் இல்லை. கைபேசியில் இடம் போதவில்லை போலும்.

காணொளியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே வந்த கருத்துகள்தான் என்னைச் சுட்டன. "மூன்று மணித்தியாலத்துக்கு மூன்று இலட்சம்! டாக்டர்மார்கூட இப்படி உழைப்பதில்லை." இதற்கு எத்தனை சிரிப்பு முகங்கள்! அவற்றில் பாதி எனக்குத் தெரிந்த முகங்கள்.

அந்தக் குழுவை நடத்துகிறவன், ட்ரம்ஸ் வாசிக்கிறவன், என் தம்பி. இதை மறைத்துவிட்டு நடுநிலை வேடம் போட எனக்கு விருப்பமில்லை. நானும் ஒரு காலத்தில் அவர்களோடு பேஸ் கிட்டார் வாசித்தவன். அதனால் கணக்கு எனக்குத் தெரியும். சொல்கிறேன், கேளுங்கள்.

சவுண்டும் லைட்டும் வாடகைக்கு எடுத்தது ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்வர லொறிக்கு முப்பதாயிரம், வேனுக்கு இருபத்திரண்டாயிரம். "கொழும்புப் பாடகர் வந்தால்தான் சனம் வரும்" என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? வந்த இருவருக்கும் சேர்த்து ஐம்பதாயிரம். வாசித்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. சாப்பாடு, தண்ணீர் எட்டாயிரம். கூட்டிப் பாருங்கள், இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் வரும். எல்லாக் காசும் வந்திருந்தால் தம்பியின் கையில் மிஞ்சுவது இருபதாயிரம். கீபோர்டுக்குக் கட்டும் மாதத் தவணைக்கே அது போதாது. வந்ததோ முற்பணம் ஒரு இலட்சமும் அன்று இரவு ஒரு கடித உறையில் ஐம்பதாயிரமும். சவுண்ட்காரர் விடிவதற்குள் தன் காசைக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வீடு இருக்கிறது.

மூன்று இலட்சம் நிகழ்ச்சியின் விலை. அதை வாசித்தவனின் சம்பளமாக எண்ணுகிறவருக்கு எப்படி விளங்கவைப்பது? வயல் விதைத்தவருக்கு நெல் விற்ற காசெல்லாம் இலாபம் என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், உழவு இயந்திரக் கூலியும் உர விலையும் சொல்லியே துரத்துவார்கள்.

எங்களை விடுங்கள், நாங்கள் சின்ன ஆட்கள். வெளிநாட்டு ரொக் குழுக்களைச் சொல்லித்தானே ஒருவர் "அவர்கள் கோடீஸ்வரர்கள், இவர்களும் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்? அங்கேயே வருவோம். பொம்பிளமூஸ் என்று அமெரிக்காவில் ஒரு குழு. 2014 இல் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள், பல இடங்களில் டிக்கெட் முழுதாக விற்றது. திரும்பி வந்ததும் குழுவின் ஜக் கொன்டி வரவு செலவை அப்படியே இணையத்தில் போட்டார். வரவு 135,983 டொலர். செலவு 147,802 டொலர். அரங்கு நிறைந்தும் 11,819 டொலர் கைநட்டம். செலவில் பெரிய பங்கு, 48 ஆயிரம் டொலருக்கு மேல், கூட வந்த கலைஞர்களுக்கும் வேலையாட்களுக்கும் கொடுத்த சம்பளம். அவருக்கும் உடனே நம்மூர் மாதிரியே ஏச்சு விழுந்தது: ஏன் ஹோட்டல், ஏன் இவ்வளவு ஆட்கள், ஏன் லைட்? உலகம் முழுக்க ஒரே கருத்துப் பெட்டிதான் போலிருக்கிறது.

பெரிய குழுக்களும் இப்படித்தான். யூ2 குழு 2009 முதல் 2011 வரை நடத்திய சுற்றுப்பயணம் 70 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. கேட்டால் வாயைப் பிளப்போம். ஆனால் அந்த இராட்சத மேடையில் மூன்று செய்திருந்தார்கள். ஓர் ஊரில் நிகழ்ச்சி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொன்றைக் கட்டவேண்டும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் நாளொன்றுக்கு ஏழரை இலட்சம் டொலர் அளவில் செலவு ஓடுகிறது என்று அவர்களுடைய மேலாளரே சொன்னார். 2010 இல் பாடகர் பொனோவுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடக்க, வட அமெரிக்க நிகழ்ச்சிகள் முழுவதும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போயின. அந்தளவு காசு புரளும் இடத்திலும் ஒரு மனிதனின் முதுகெலும்பில்தான் எல்லாம் நிற்கிறது.

எனக்குப் பிடித்த கதை பிங்க் ஃபுளோய்ட் என்ற ஆங்கிலேய ரொக் குழுவுடையது. 1980, 81 இல் அவர்கள் மேடையின் குறுக்கே பெரிய சுவர் எழுப்பி, கடைசியில் அதை இடித்து நடத்திய நிகழ்ச்சிகள் நட்டத்தில் முடிந்தன. கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட்டை அதற்கு முன்பே குழுவிலிருந்து விலக்கி, சம்பளத்துக்கு வாசிக்க வைத்திருந்தார்கள். நட்டத்தில் பங்கில்லாததால் நால்வரில் காசு பார்த்தவர் அவர் ஒருவர்தான். தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அண்ணன், அப்போது நானும் யாருடைய குழுவிலாவது கூலிக்கு வாசிக்கலாம் போலிருக்கிறது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். "அவர்கள் சொந்தப் பாட்டு, நீங்கள் சினிமாப் பாட்டு, ஒப்பிடலாமா?" ஒப்பிடக்கூடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். சொந்தப் பாட்டு இருப்பவன் பனியனாவது அச்சடித்து விற்பான். அதிலும் அரங்குக்காரருக்குப் பங்கு போகிறது, அது வேறு கதை. இணையத்தில் ஒருவர் ஒருமுறை கேட்டால் அவனுக்குக் கிடைப்பது ஒரு அமெரிக்க சதத்திலும் குறைவு. ஆனாலும் ஏதோ கிடைக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை, மேடை மட்டும்தான். தம்பி சொந்தமாக மெட்டமைத்த பாட்டை ஒருமுறை மேடையில் தொடங்கியபோது "குத்துப் பாட்டுப் போடு" என்று கத்தியவர்களும் நீங்கள்தானே?

"எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும்." கோவில் வாசலில் நின்று முத்திரைத் தாளை நீட்டியிருந்தால் அதற்கும் ஒரு காணொளி போட்டிருப்பீர்கள்.

"கலை ஒரு சேவை." அட! பந்தல்காரருக்கு இதைச் சொன்னீர்களா? வாணவேடிக்கைக்காரருக்கு? ஜெனரேட்டர்காரர் முழுக் காசையும் வாங்காமல் கயிறு இழுத்தாரா? சேவை என்ற பேச்சு கிட்டார் பெட்டியைக் கண்டதும் மட்டும் எங்கிருந்து வருகிறது?

"கோவில் காசு மக்கள் காசு." ஆம், மக்கள் காசுதான். தம்பியும் மக்களில் ஒருவன்தான். அவ்வளவுதான் இதற்குப் பதில்.

இவர்கள் நினைக்கிறார்கள், இசைக்குழு மேடையில் முளைத்து மேடையிலேயே மறைகிறது என்று. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படுவதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நிகழ்ச்சி என்றால் பெட்டி எல்லாவற்றையும் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் வாவியைக் கடப்போம். நிகழ்ச்சி முடிய விடியப்புறம் மூன்று மணியாகும். துறையில் வெளிச்சம் இராது, பாதையும் ஓடாது. ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் படுத்துக்கொண்டு முதல் பாதைக்குக் காத்திருப்போம். பனி விழும் என்று தம்பி தன் சட்டையைக் கழற்றி கீபோர்டை மூடுவான், வெறும் உடம்போடு நுளம்புக்கடி வாங்குவான். அப்போது அவன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பையன். இன்றைக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் கோவில் வீதி மணல் புகுந்த வயர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துச் சுருட்டி, நுனிகளை ஊதிப் பார்த்துத்தான் பெட்டிக்குள் வைக்கிறான். வாடகை வயரைக்கூட.

அதோடு, வருடம் முழுக்கவா நிகழ்ச்சி? சித்திரைப் புத்தாண்டோடு தொடங்கினால் வைகாசிச் சடங்கு, ஆடி, ஆவணித் திருவிழாக்கள், பிறகு மழை. ஐப்பசி பிறந்தால் யார் திறந்தவெளியில் மேடை போடுவார்கள்? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கூட்டம் என்றாலே பயம். அடுத்து கொரோனா. 2022 இல் டீசல் இல்லை. தம்பி தன் ட்ரம்ஸின் சிம்பல் தட்டுகளை விற்றது அந்த வருடம்தான். அப்போது யாரும் "பாவம், எப்படிச் சீவிக்கிறார்கள்" என்று பதிவு போடவில்லை. காசு கேட்டவுடன் மட்டும் எல்லோருக்கும் கணக்கு வந்துவிட்டது.

"தம்பிக்காக அழுகிறாய்" என்பார்கள். அழத்தான் செய்வேன். எங்கள் அம்மா அந்தக் கருத்துகளை வாசித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அக்கறையாகக் காட்டியிருக்கிறது. "என்ன மனே, திருடன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே" என்று கேட்டாள். திருட என்ன இருந்தது அங்கே? நெளிந்த தகரக் கதிரையும் ஆறிப்போன சோற்றுப் பார்சலும்.

குழுவின் லீட் கிட்டார்காரன் போன வருடம் கத்தாருக்குப் போய்விட்டான். இந்தப் பக்கத்தில் அவன் கைக்கு ஈடு யாருமில்லை என்பேன், கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறான். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு நேற்று இரவு அழைத்தான். ஆறுதல் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "அண்ணன், இங்கே மாதம் முடிய வங்கிக்குச் சம்பளம் வந்துவிடுகிறது. யாரையும் மேடைக்குப் பின்னால் தேடிப் போகத் தேவையில்லை. தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதியை அனுப்பச் சொல்லுங்கள்" என்றான்.