இரண்டு சிக்னலும் ஒரே ஆன்டிபாடியை நம்பினால்?

நோயைக் காட்டும் புரதத்தை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சென்சார் பற்றிய கட்டுரையில், ஒளிர்வு, மின்வேதி (மின் சிக்னல்) என இரண்டு வழியிலும் ஒரே ரத்த மாதிரியை அளப்பதால் தவறான முடிவே வராது என்று சொல்லியிருப்பது கொஞ்சம் அதிகம்தான். மின்முனையில் புரதம் படிவது, ரத்தத்தின் நிறம் ஒளியை விழுங்குவது மாதிரி ஒரு வழியில் வரும் கோளாறுகளை இன்னொரு வழி காட்டிக்கொடுக்கும், சரி. ஆனால் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டுக்கும் ஒன்றேதான் என்றால், அது வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். அப்புறம் கட்டுரையில் வரும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பியின் புரதம், புற்றுநோய்ச் சோதனையில் அளப்பது) உதாரணம்: மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை இருப்பவர்களில் பலருக்குப் புற்றுநோயே இருக்காது, புராஸ்டேட் சாதாரணமாக வீங்கினாலும் அளவு ஏறும். அங்கே இன்னும் நுணுக்கமாக அளந்து என்ன பயன், இரண்டாவது சிக்னலை வேறொரு பயோமார்க்கருக்குக் (நோயைக் காட்டும் பொருளுக்கு) கொடுத்தாலாவது உருப்படியாக இருக்கும். ரத்தம் கலக்காத சுத்தமான பஃபர் கரைசலில் வந்த அளவீட்டை விடுங்கள், நோயாளிகளின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தில்) என்ன வந்தது?