கழிவறைச் சுவரில் நாலு பென்சில் கோடு

இங்கிலாந்து போய்வந்த நண்பர் ஒருவர் மாளிகைத் தோட்டப் படங்களாகப் போட்டுத் தள்ளுகிறார். ஒவ்வொன்றின் கீழும் "பிரபுக்களுக்கு என்ன ரசனை!" என்று பத்துப் பேர். ரசனை இல்லையென்று யார் சொன்னது? பிளெனம் மாளிகையில் கிளைம் ஆற்றை மறித்து ஏரியாக்கியது 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்ட வடிவமைப்பாளர். யோசனை அவருடையது, சரி. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

அதனாலேயே எனக்குக் கார்ன்வாலின் ஹெலிகன் தோட்டம்தான் பிடிக்கும். டிரிமெய்ன் குடும்பத்துச் சொத்து. முதல் உலகப் போருக்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட தோட்டக்காரர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். போருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. முள்ளும் கொடியும் மூடி, அப்படியொரு தோட்டம் இருந்ததே மறந்துபோனது. 1990இல் டிம் ஸ்மிட்டும் குடும்ப வாரிசு ஜான் வில்லிஸும் புதரை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பிறகு தோட்டத்தை மீட்டார்கள்.

அங்கே வேலையாட்களின் கழிவறை ஒன்று கிடைத்தது. 'தண்டர்பாக்ஸ்' என்று பெயர். இடிப்பெட்டி! காரணத்தை நான் விளக்க வேண்டாம். அதன் சுவரில் தோட்டக்காரர்கள் பென்சிலால் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள், 1914 ஆகஸ்ட் என்ற தேதியோடு. கூடவே, 'தூங்கவும் கண்ணயரவும் இங்கே வராதே' என்று ஒரு வரி. வேலை நேரத்தில் அங்கே போய்க் கண்ணசந்த யாரையோ கிண்டல் செய்திருக்கிறார்கள். அந்த மாதம்தான் பிரிட்டன் போரில் இறங்கியது.

அவர்கள் செய்த வேலையையும் பாருங்கள். குளிர் நாட்டில் அன்னாசி விளைவித்திருக்கிறார்கள். அன்னாசி வளர்க்கும் குழிக்குப் பக்கத்துப் பள்ளங்களில் குதிரைச் சாணத்தை நிரப்புவார்கள். அது புளித்துச் சூடேற, அந்தச் சூடு சுவர் வழியே செடிக்குப் போகும். சூடு தணிந்தால் பழசை அள்ளிவிட்டுப் புதுச் சாணம் போட வேண்டும். பிரபு வீட்டு விருந்து மேசைக்கு ஒரு பழம் போக, இத்தனை பாடு. மீட்டவர்கள் அந்த முறையிலேயே மறுபடி விளைவித்து, 1997இல் ஒரு பழத்தை எலிசபெத் ராணிக்கு அனுப்பினார்கள். வீண் செலவுதான். ஆனாலும் அந்தக் கைவேலை புரிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறை. மீட்ட கதையிலும் ஸ்மிட் பெயர்தான் எப்போதும் முன்னால் வருகிறது. கூடவே நின்று உழைத்த கட்டடக்காரர் ஜான் நெல்சன் பெயரைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. பழைய வியாதி!

2013இல் லண்டன் போர் அருங்காட்சியகம் அந்தக் கழிவறையை வாழும் நினைவிடமாக அங்கீகரித்தது. டிரிமெய்ன் மாளிகையை அதற்கு வெகுகாலம் முன்பே ஃபிளாட்டுகளாகப் பிரித்து விற்றுவிட்டார்கள்.