அந்த வீடியோவை இனி எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை ஆச்சியின் நினைவு ஜெபத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். ஆறவில்லை.

அதில் சொல்வது இதுதான்: இயேசு கற்றுக்கொடுத்ததாக நாம் சொல்லும் பரமண்டல ஜெபம் தப்பான மொழிபெயர்ப்பாம். இயேசு தாம் பேசிய அரமேய மொழியில் வேண்டிக்கொண்டது அண்டத்தை ஈன்ற தாய்தந்தையிடமாம், ஒளியாம், அதிர்வாம். ஐயா, அந்த ஜெபத்தின் முதல் சொல்லான ‘அபூன்’ என்றால் ‘எங்கள் அப்பா’. அவ்வளவுதான். ‘அபூ’ அப்பா, ‘ன்’ எங்கள். ‘அம்மா’வில் அ என்றால் அண்டம், ம் என்றால் மௌனம் என்று நான் பிரித்துச் சொன்னால் சிரிப்பீர்கள்தானே? 1990இல் ஓர் ஆங்கிலப் புத்தகம் செய்தது இதைத்தான். தியானமாக வைத்துக்கொள்ளுங்கள், சரி. அதையே ‘அசல்’ என்றால்தான் எனக்கு எரிகிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த வீடியோவில் ‘இயேசுவின் வாய்மொழி’ என்று ஓதப்படும் வரிகள் பெஷித்தா என்ற வேதாகமத்தில் உள்ளவை; அரமேயத்தின் ஒரு கிளையான சிரியாக்கில் இருப்பது அது. அதில் உள்ள சுவிசேஷமே கிரேக்கத்திலிருந்து பெயர்த்தது. ஆக, நம்முடையது மொழிபெயர்ப்பு, அதுமட்டும் மூலமா?

‘உனக்கு அரமேயம் தெரியுமா’ என்பீர்கள். தெரியாது. வீடியோ அனுப்பியவருக்கும் தெரியாது. ‘ஆன்மிக அனுபவத்தைக் கேலி செய்யாதே’ என்பவர்களிடம் மாற்கு எழுதிய சுவிசேஷத்தைத் திறக்கச் சொல்கிறேன். ‘தலீத்தாகூமி’ என்று அரமேயத்தில் எழுதிய கையோடு, ‘சிறுபெண்ணே எழுந்திரு’ என்று அர்த்தமும் சொல்லிவிடுகிறார். இறந்துகிடந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்து நடக்கிறது, அதற்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார் இயேசு. இதைவிட என்ன ரகசியம் வேண்டும் உங்களுக்கு?

அரமேயத்தில் தேடத்தான் வேண்டும் என்றால் ‘ஹௌபா’வைத் தேடுங்கள். கடனுக்கும் பாவத்துக்கும் அங்கே ஒரே சொல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 6:12 ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் தப்பு என்று சொன்ன அதே தமிழ்தான்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டு பிடித்தவள். முதல் சீட்டை எடுத்த எதிர்வீட்டுக்காரி ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனதில், ஆச்சிதான் கம்மலை விற்று மற்றவர்களுக்குப் பணம் கொடுத்தாள். அதற்கப்புறம் தினமும் ராத்திரி ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். நாங்கள் பசியோடு கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்போம். சில நாள் ரொம்ப நேரம் ஆகும். அப்புறம் மூச்சை இழுத்துவிட்டு, ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று முடிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் படத்துக்கு முன்னால் யாரும் அந்த ஜெபத்தைச் சொல்லவே இல்லை. வீடியோ முடிந்ததும் இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டுவிட்டார்கள்.