தீ வைப்பவரை மட்டும் குற்றம் சொல்வது போதாது

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் தில்லியின் காற்று மாசைப் பற்றிய பேச்சு எழுகிறது. உடனே பஞ்சாப் வயலில் அறுவடைக்குப் பின் நிற்கும் நெல் தாளுக்குத் தீ வைக்கும் உழவரின் படம் எல்லோருடைய பக்கங்களிலும் வலம் வருகிறது. அந்தத் தீயை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது ஏன் நவம்பரில் மூள்கிறது என்று கேட்டால், விடையின் பெரும்பகுதி நிலத்தடி நீரைக் காக்க இயற்றப்பட்ட ஒரு சட்டத்தில் கிடைக்கிறது.

பஞ்சாபில் நெல் ஒரு காலத்தில் சிறுபயிர். 1960-61இல் ஏறத்தாழ 2.3 லட்சம் எக்டேரில் விளைந்த பயிர் இன்று 30 லட்சம் எக்டேருக்கு மேல் பரவியிருக்கிறது. பசுமைப் புரட்சிக் காலத்தில் நாட்டின் பசியைப் போக்க அரசே ஆதரவு விலை கொடுத்து நெல்லையும் கோதுமையையும் கொள்முதல் செய்தது. 1997 முதல் பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. விற்பனைக்கு உறுதியும் தண்ணீருக்குச் செலவின்மையும் சேர்ந்து வாய்க்கும்போது மக்காச்சோளமோ பருப்போ விதைக்கும் உழவரைத்தான் அக்கம்பக்கத்தார் விவரமில்லாதவர் என்பார்கள். விளைவாக, ஆண்டுதோறும் நிலத்தில் ஊறும் நீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக அங்கே உறிஞ்சப்படுகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் தேவைப்பட, அதற்கான கடன் உழவரின் தலையில் ஏறியது.

இதைத் தடுக்கவே 2009இல் ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது என்று சட்டம் வந்தது. கோடை வெயிலில் வயலில் தேங்கும் நீர் ஆவியாகி வீணாகாமல், பருவமழையை ஒட்டி நடவு நடக்கட்டும் என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமையோ நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்கப்பட வேண்டும். இடையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று வாரங்கள். அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் கொய்துகொண்டு அடித்தாளை வயலிலேயே விட்டுவிடுகிறது. மாட்டுக்குப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வைக்கோலில் மாட்டுக்கு எளிதில் செரிக்காத சிலிக்கா அதிகம். அங்குள்ளவர்கள் மாடுகளுக்குக் கோதுமை வைக்கோலையே விரும்பிக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 200 லட்சம் டன் நெல் வைக்கோலை அந்தக் குறுகிய இடைவெளியில் அகற்ற, தீப்பெட்டியைவிட மலிவான கருவி எது? 2009க்கு முன்பும் எரித்தார்கள்தான். ஆனால் இப்போது எரிப்பு, காற்று ஓய்ந்து குளிர் இறங்கி, புகை கலையாமல் தேங்கும் நாள்களில் குவிந்துவிட்டது.

நீரை ஒரு துறையும் காற்றை வேறொரு துறையும் விலையை மத்திய அரசும் தனித்தனியாகப் பார்க்கும்வரை, ஓரிடத்தில் போடும் தடுப்பு இன்னோரிடத்தில் உடைப்பெடுக்கும் என்பதே என் கருத்து. தாளை அப்புறப்படுத்தாமலே கோதுமையை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ நல்ல இயந்திரம்; அதை இழுக்கத் திறன்மிக்க டிராக்டர் வேண்டும், ஆண்டில் சில வாரங்களே பயன்படும் என்பதால் சிறு உழவர்கள் தயங்குகிறார்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது நெல்லின் வயதைக் குறைப்பதுதான். சுமார் 160 நாள் வயதுடைய பூசா 44 ரகத்தைக் கைவிடுமாறு 2023இல் பஞ்சாப் அரசு அறிவித்தது. அதைவிட ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே முற்றும் பிஆர் 126 ரகத்தால் நீரும் மிஞ்சும், கோதுமைக்கு முன் அவகாசமும் கிடைக்கும். ஆனால் பூசா 44 தரும் மகசூலைவிட இதில் ஏக்கருக்குச் சில குவிண்டால் குறையக்கூடும். கொள்முதல் விலையோ இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் குறைவை யார் ஈடுகட்டுவது என்பதை மட்டும் இதுவரை எவரும் தெளிவாகச் சொல்லவில்லை.