கரண்டுக்கு விட்ட தண்ணீர் வீணாகவில்லை
"கோதையாறில் கரண்டு எடுத்தே பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வீணாக்குகிறார்கள், அதான் கன்னிப்பூ வாடுது" என்று குமரி மாவட்டத்தின் முதல் போக நெல்லைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது தப்பு அண்ணே. 60, 40 மெகாவாட் என்று கோதையாறின் இரண்டு மின்நிலையங்களும் பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கின்றன; டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர் அப்படியே இறங்கி 48 அடி பேச்சிப்பாறை அணைக்குத்தான் வந்து சேருகிறது, அங்கிருந்துதான் வயலுக்கும் குடிநீருக்கும் போகிறது. டர்பைன் தண்ணீரைக் குடிக்காது! எப்போது திறக்கிறார்கள் என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் ஜூன், ஜூலையில் காற்றிலேயே கரண்டு கிடைப்பதால் மலைத்தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைக்கலாம். அப்புறம், கடைசி வயல்களுக்கு வரும் எங்கள் கடைவரம்பு வாய்க்காலை வந்து பாருங்கள், முழங்கால் உயரத்துக்குச் சேறு, மேலே ஆகாயத்தாமரை. அணை நிறைந்தாலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறாது.